சிதறிய இரும்பும் சாட்சி சொல்லும்

சந்தையில் மண்பானை வாங்கும் பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். பானையைக் கையில் தூக்கி, விரலை மடக்கி ஒரு தட்டு தட்டுவார். 'ணங்' என்று கேட்டால் கூடைக்குள் போகும். 'டொக்' என்று கேட்டால் கடைக்காரரிடமே திரும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது.

அமெரிக்காவில் பந்தயக் கார் பழுதுபார்க்கும் பழைய மெக்கானிக்குகளும் இதையேதான் செய்தார்கள். கழற்றிய கிராங்க் தண்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுவார்கள். நல்ல தண்டு கோயில் மணிபோல் நீண்டு ஒலிக்கும். விரிசல் விழுந்த தண்டின் ஒலி உடனே அடங்கிவிடும். அந்தத் தண்டை மீண்டும் மாட்டினால், அடுத்த ஓட்டத்தில் கார் ஓட்டுபவர் உயிரோடு திரும்புவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உடைந்த இயந்திரத்தைப் பார்த்து, அது ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது ஒரு கலை. அந்தக் கலை வளர்ந்த வரலாறு பலருடைய காயங்களாலும் சிலருடைய உயிராலும் எழுதப்பட்டது.

சாலையிலிருந்து ஓடுபாதைக்கு

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் பாயும். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை முதலில் கடப்பவர் வெற்றியாளர். இதுதான் 'டிராக் ரேஸ்' எனப்படும் நேர்கோட்டுப் பந்தயம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே கலிஃபோர்னிய இளைஞர்கள் பழைய கார்களைப் பிரித்து, எடையைக் குறைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். போர் முடிந்து திரும்பிய இளைஞர்களில் பலர் விமானங்களையும் ராணுவ வண்டிகளையும் பழுதுபார்த்துப் பழகியவர்கள். ஏரிப் படுகை தொலைவில் இருந்ததால் பந்தயம் பொதுச்சாலைக்கு வந்தது. போலீசார் துரத்தினார்கள், பத்திரிகைகள் கண்டித்தன. சாலையில் நடக்கும் சட்டவிரோதப் பந்தயம் மலேசிய வாசகர்களுக்கும் புதிய செய்தி அல்லவே!

இதற்கு ஒரு மாற்றுவழி 1950ஆம் ஆண்டில் பிறந்தது. தென் கலிஃபோர்னியாவின் சாந்தா அனா விமான நிலைய ஓடுபாதையில் முறையான பந்தயம் தொடங்கியது. அடுத்த ஆண்டில், 'ஹாட் ராட்' இதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பந்தயத்துக்கு விதிமுறையும் பாதுகாப்புச் சோதனையும் வந்தன.

அன்றைய கார்களில் பணம் குறைவு, புத்தி அதிகம். கிரைஸ்லர் நிறுவனம் 1951இல் வெளியிட்ட 'ஹெமி' வகை இயந்திரங்கள் சில ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைகளுக்கு வரத் தொடங்கின. 1957, 1958ஆம் ஆண்டுகளில் வந்த 392 கன அங்குல ஹெமி, பந்தயக்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனது. அதன் தலையில் உட்கார்ந்த 'சூப்பர்சார்ஜர்' எங்கிருந்து வந்தது தெரியுமா? பேருந்துகளிலும் லாரிகளிலும் இருந்த ஜிஎம்சி டீசல் இயந்திரத்திலிருந்து! பயணிகளைச் சுமந்த இயந்திரத்துக்குக் காற்றூதிய கருவி, பந்தயக் காருக்குள் காற்றை அழுத்தித் திணித்தது.

எரிபொருளா, வெடிமருந்தா?

இந்தக் கார்களின் ரத்தம் பெட்ரோல் அன்று. நைட்ரோமீத்தேன் என்னும் திரவம். இதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ காற்று போதும்.

ஒரே எடையை ஒப்பிட்டால் பெட்ரோலில்தான் சக்தி அதிகம். ஆனால், சிலிண்டருக்குள் வரும் அதே அளவு காற்றைக் கொண்டு எட்டு மடங்குக்கும் மேலான நைட்ரோவை எரிக்கலாம். அதனால் ஒவ்வொரு வெடிப்பிலும் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி கிடைக்கிறது. குடும்பக் காருக்காக வார்க்கப்பட்ட இரும்பு இதை எப்படித் தாங்கும்? பல நேரங்களில் தாங்கவில்லை.

ஆபத்தைக் கண்ட தேசிய ஹாட் ராட் சங்கம் 1957இல் தன் பந்தயங்களில் நைட்ரோவுக்குத் தடை விதித்தது. வேறு அமைப்புகளின் பந்தயங்களில் அது தொடர்ந்து எரிந்தது. 1960களின் தொடக்கத்தில் சங்கமும் தடையைத் தளர்த்தியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நைட்ரோ இயந்திரத்துக்குள் எரிபொருள் வெள்ளமாகப் பாய்கிறது. ஒரு சிலிண்டரில் தீப்பொறி நின்றுபோனால் அந்த எரிபொருள் எரியாமல் தேங்கும். காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் திரவச் சுவரில் மோதுகிறது. கனெக்டிங் ராட் வளையும். சிலிண்டர் ஹெட் தூக்கியடிக்கப்படும். சில நேரம் பிளாக்கே பிளக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பிளாக்கில் ஓட்டை, உள்ளே முறிந்த ராட். 'ராட் பலமில்லை, அதனால் உடைந்தது' என்று ஒரு மெக்கானிக் புதிய ராட் மாட்டுகிறார். அடுத்த ஓட்டத்தில் அதே இடத்தில் அதே உடைப்பு. உண்மையான குற்றவாளி யார்? முனை உருகிப்போன ஒரு சின்னப் பிளக்! பெரிதாக உடைந்தது கடைசியாக உடைந்ததாகவும் இருக்கலாம். முதலில் கெட்டது எது என்பதுதான் கேள்வி.

எட்டுத் தட்டுகளும் ஒரு காந்தமும்

இந்தக் கேள்விக்கு விடை தேட மெக்கானிக்குகள் ஒரு முறையை வளர்த்துக்கொண்டார்கள். வைத்தியர் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, கண்ணைப் பார்ப்பதுபோல அதற்கும் ஒரு வரிசை உண்டு.

முதல் சாட்சி பிளக். எட்டுப் பிளக்குகளையும் கழற்றி, இயந்திரத்தில் இருந்த அதே வரிசையில் மேசையில் அடுக்குவார்கள். கலந்துவிட்டால் சாட்சியம் போயிற்று. நனைந்திருக்கும் பிளக், அந்தச் சிலிண்டர் எரியவே இல்லை என்கிறது. முனை உருகியிருந்தால் அங்கே சூடு எல்லை மீறியிருக்கிறது. வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகளோ ஒட்டியிருந்தால் பிஸ்டனின் தலை கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது சாட்சி எண்ணெய். இறக்கிய எண்ணெயில் மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் காந்தத்தை நீட்டுவார்கள். ஒட்டினால் அது இரும்பு அல்லது எஃகு. ரிங், கிராங்க், கேம் ஆகியவற்றில் ஒன்று தேய்கிறது. ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் பிஸ்டனின் அலுமினியமாக இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய் உள்ளே இருக்கும் உலோகம் வெளிவந்துவிட்டது. எண்ணெயே நிறம் மாறிக் கூழாக இருந்தால், எரியாத எரிபொருள் பிஸ்டனைத் தாண்டி இறங்கி அதில் கலந்திருக்கிறது. அப்படி நீர்த்துப்போன எண்ணெய் எந்தப் பேரிங்கையும் காக்காது.

மூன்றாவது சாட்சி பேரிங். ராட் பேரிங்கின் மேல் பாதி சுத்தியலால் அடித்ததுபோல் நசுங்கியிருந்தால் சிலிண்டருக்குள் கட்டுமீறிய வெடிப்பு நடந்திருக்கிறது. வெடிப்பின் அடி முதலில் விழுவது அந்த மேல் பாதியில்தான். ராட் முறிவதற்குப் பல ஓட்டங்களுக்கு முன்பே பேரிங் எச்சரிக்கை தந்துவிடும். பார்ப்பவருக்குத்தான் அது தெரியும்.

நான்காவது, வால்வு இடைவெளி. நேற்று அளந்த இடைவெளி இன்று மாறியிருந்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. தள்ளுகம்பி வளைந்திருக்கலாம்; சூட்டில் வால்வின் தலை இழுபட்டிருக்கலாம்; வால்வு இருக்கை உள்ளே அமிழ்ந்திருக்கலாம். உள்ளிழுக்கும் வால்வு சரியாக மூடாவிட்டால் நெருப்பு பின்வாங்கி சூப்பர்சார்ஜருக்குள் பாயும். அங்கே காத்திருக்கும் எரிபொருள் கலவை முழுவதும் ஒரே நொடியில் வெடிக்கும்.

ஐந்தாவது சோதனைக்குக் காது வேண்டும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வுகள் மூடிய நிலையில், பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். எவ்வளவு காற்று கசிகிறது என்பதைக் கருவி காட்டும். எங்கே கசிகிறது என்பதைக் காது சொல்லும். புகைக்குழாயில் 'உஸ்' என்றால் வெளியேற்றும் வால்வு. மேலே சூப்பர்சார்ஜர் பக்கம் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. எண்ணெய்த் தொட்டியின் மூச்சுக்குழாயில் கேட்டால் ரிங் அல்லது பிஸ்டன். பக்கத்துச் சிலிண்டரில் கேட்டால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கட் போய்விட்டது.

கடைசியாக விரிசல் தேடல். இரும்பு, எஃகுப் பாகங்களைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத்தூளைத் தூவினால், தூள் விரிசலின் ஓரத்தில் கோடுபோல் கூடி நிற்கும். விமானத் துறையில் பரவலாகப் பயன்பட்ட இந்த முறை பந்தயப் பட்டறைக்கும் வந்தது. அலுமினியத்தில் இது பலிக்காது. அதற்குச் சாயம் பூசித் துடைத்து, விரிசலுக்குள் ஒளிந்த சாயம் வெளியே கசிகிறதா என்று பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் தீர்ப்பு. ஒரு சாட்சியை மட்டும் நம்பிய மெக்கானிக்குகள் பல இயந்திரங்களை இழந்திருக்கிறார்கள்.

டான் கார்லிட்ஸ் கற்ற பாடம்

இந்த வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் டான் கார்லிட்ஸ். 1932இல் ஃபுளோரிடாவின் தாம்பா நகரில் பிறந்தவர். 'பிக் டாடி' என்று ரசிகர்கள் அழைத்தார்கள். தன் கார்களுக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்வாம்ப் ராட்' - சதுப்புநில எலி! காரைக் கட்டியவரும் அவரே, ஓட்டியவரும் அவரே. எனவே பிழை நடந்தால் அதன் விலையைக் கொடுப்பவரும் அவரே.

1959இல் தென் கரோலைனாவின் செஸ்டர் நகரில் ஓட்டத்தின்போது ஏற்பட்ட வெடிப்பும் தீயும் அவரைக் கடுமையாகச் சுட்டன. கார்லிட்ஸ் மீண்டு வந்தார். 1964 ஆகஸ்டு மாதம் நியூ ஜெர்சியில் மணிக்கு 201.34 மைல், அதாவது ஏறத்தாழ 324 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார்.

அதே காலத்தில் அவரைக் குழப்பிய இன்னொரு சிக்கல் உண்டு. கிரைஸ்லர் 1964இல் கொண்டுவந்த புதிய 426 ஹெமி, பழைய 392 ஹெமியைப்போல் ஓடவில்லை. பெரிய இயந்திரம், குறைந்த வேகம்! எந்தப் பாகமும் கெட்டிருக்கவில்லை. வெறுத்துப்போன கார்லிட்ஸ், வெடித்தால் வெடிக்கட்டும் என்று தீப்பொறி நேரத்தை வழக்கத்தைவிட வெகுவாக முன்தள்ளி வைத்தார் என்று அவரே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இயந்திரம் வெடிக்கவில்லை, பறந்தது! பழைய இயந்திரத்துக்குப் பொருந்திய கணக்கைப் புதியதன்மேல் திணித்ததுதான் கோளாறு. இரும்பில் இல்லாத பழுது மனிதரின் அனுமானத்தில் இருந்தது.

ஆனால், மிகப்பெரிய பாடம் 1970 மார்ச் 8ஆம் தேதி காத்திருந்தது. இடம், கலிஃபோர்னியாவின் லாங் பீச் அருகே இருந்த லயன்ஸ் பந்தயத் திடல். இறுதிச் சுற்று. கார் புறப்பட்ட அந்தக் கணத்திலேயே, கார்லிட்ஸின் சொந்தத் தயாரிப்பான இரண்டு வேகப் பல்சக்கரப் பெட்டி வெடித்தது. காரே இரண்டு துண்டானது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டிக்கப்பட்டது. பார்வையாளர் ஒருவரும் கடுமையாகக் காயமடைந்தார்.

மருத்துவமனைக் கட்டிலில் அவர் ஆராய்ந்தது என்ன? எந்தப் பல்சக்கரம் முதலில் உடைந்தது என்ற கேள்வியோடு அவர் நிற்கவில்லை. அன்றைய கார்களில் இயந்திரம் முன்னால், ஓட்டுநர் பின்னால். கால்களுக்கு நடுவே பல்சக்கரப் பெட்டி. முகத்துக்கு நேரே சூப்பர்சார்ஜர். எது வெடித்தாலும், எது எரிந்தாலும், எண்ணெய் பீய்ச்சினாலும் எல்லாம் ஓட்டுநர்மேல்தான். உடைவதைக் குறைக்கலாம், முற்றாக நிறுத்த முடியாது. அப்படியானால் மாற வேண்டியது ஓட்டுநரின் இடம்!

இயந்திரத்தைப் பின்னால் வைத்த கார்கள் அதற்கு முன்பும் உண்டு. ஆனால், அவை நேராக ஓடாது என்ற கெட்ட பெயர் இருந்தது. கார்லிட்ஸும் துணைவர்களும் கட்டிய புதிய காரும் சோதனையில் அலைபாய்ந்தது. நோயாளி வேறானாலும் வைத்திய முறை அதேதான்: ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தேகங்களை நீக்கினார்கள். கடைசியில் பிடிபட்டது ஸ்டியரிங். சிறு அசைவுக்கும் சக்கரம் அதிகமாகத் திரும்பியது. அதன் விகிதத்தை மந்தமாக்கியதும் கார் அம்புபோல் ஓடியது.

1971இல் பொமோனா நகரின் குளிர்காலப் பந்தயத்தில் அந்தக் கார் வென்றது. சில ஆண்டுகளுக்குள், முன்னால் இயந்திரம் கொண்ட கார்கள் உயர்மட்டப் பந்தயத்திலிருந்து ஏறத்தாழ மறைந்தேவிட்டன. ஒரு மனிதரின் பாதம் போனதால் எத்தனையோ பேரின் உயிர் நிலைத்தது என்றால் அது மிகையாகாது.

உடைப்பு எழுதிய விதிகள்

மாற்றங்கள் தொடர்ந்தன. 1971இல் எட் டோனோவன், 392 ஹெமியின் வடிவத்தில் 417 கன அங்குல அலுமினிய பிளாக்கை உருவாக்கினார். அதன் சிலிண்டர்களில் கழற்றக்கூடிய உறைகள் இருந்தன. ஒரு சிலிண்டர் கெட்டால் முழு பிளாக்கையும் தூக்கி எறிய வேண்டாம். உறையை மட்டும் மாற்றலாம்.

வேகப் பந்தய உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் 1963இலேயே சங்கம் அமைத்தார்கள். எந்தப் பாகம் எவ்வளவு தாங்க வேண்டும் என்ற தரநிர்ணயம் வளர்ந்தது. கிளட்ச் சிதறினால் தடுக்கும் உறை, சூப்பர்சார்ஜரை இறுக்கும் பட்டைகள், தீ தாங்கும் உடை என ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு விபத்தின் கதை இருக்கிறது.

பிற்காலத்தில் கணினிப் பதிவுக் கருவிகள் வந்தன. எந்தக் கணத்தில் எந்தச் சிலிண்டரின் புகைக்குழாய் குளிர்ந்தது என்பதைத் திரை காட்டுகிறது. ஆனாலும் ஆபத்து ஓய்ந்துவிடவில்லை. 2008 ஜூன் மாதம் நியூ ஜெர்சியில் ஸ்காட் கலிட்டாவின் காரில் இயந்திரம் வெடித்தது. கார் ஓடுபாதையைத் தாண்டிப் போய் அவர் உயிரிழந்தார். அதன் பிறகே நைட்ரோ கார்களின் தூரம் 402 மீட்டரிலிருந்து ஆயிரம் அடியாக, அதாவது 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

தாத்தா காரை எழுப்பும்போது

பழைய கார்களின் கதை அருங்காட்சியகத்தோடு முடியவில்லை. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே உள்ள ஃபமோசோ திடலில், 2000ஆம் ஆண்டு முதல் மீட்டெடுக்கப்பட்ட பழைய நைட்ரோ கார்களை வரிசையாக நிறுத்தி உயிர்ப்பிக்கும் நிகழ்ச்சி வழக்கமானது. அவை ஓடுவதில்லை, நின்ற இடத்திலேயே கர்ஜிக்கும். தீக்கொழுந்தும் கண்ணை எரிக்கும் புகையும் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால், ஐம்பது ஆண்டு உறங்கிய இயந்திரத்தை அவசரமாக எழுப்பினால் அதுவே அதன் முடிவாகிவிடும். நைட்ரோவும் அதனுடன் கலக்கும் மெத்தனாலும் ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிப்பவை. அன்று கழுவாமல் விட்ட எச்சம் அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் உள்ளிருந்தே தின்றிருக்கும். எனவே அனுபவசாலிகள் முதலில் பிளக்குகளைக் கழற்றுகிறார்கள். துளை வழியே சிறு கேமராவைச் செலுத்திப் பிஸ்டனையும் சுவரையும் பார்க்கிறார்கள். உள்ளே திரவம் தேங்கியிருந்தால் வெளியேற்றுகிறார்கள். பிறகு கையால் மெதுவாகச் சுற்றுகிறார்கள். எங்கேயாவது தடுத்தால் அங்கேயே நிறுத்தம், பலவந்தம் கிடையாது.

விரிசல் தெரிந்தால் ஒரு கடினமான முடிவு எடுக்க வேண்டும். வார்ப்பிரும்பில் ஆணிகளை அடுத்தடுத்துத் திருகி, தையல் போடுவதுபோல் விரிசலை மூடும் முறை உண்டு. அப்படித் தைத்த பிளாக்கை நைட்ரோவில் இயக்கலாமா, காட்சிக்கு மட்டும் வைப்பதா? 392 ஹெமியின் பழைய இரும்பு பிளாக்கை கிரைஸ்லர் இனி வார்க்கப் போவதில்லை. ஒன்று உடைந்தால் உலகில் ஒன்று குறையும். 'இதை இனி இயக்க வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்கே அந்தப் பட்டறையில் மூத்தவர்.

ஓர் இயந்திரம் உடைந்தால் யாரைத் திட்டுவது என்று தேடுவது எளிது. பாகம் விற்றவரா, மாட்டியவரா, ஓட்டியவரா? அந்தப் பழைய பட்டறைகளில் முதலில் மேசையைத் துடைத்தார்கள். எட்டுப் பிளக்குகளை வரிசையாக வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எட்டையும் பார்த்து முடிக்கும்வரை யாரும் யாரையும் குறை சொல்வதில்லை.

வீட்டிலோ வேலையிடத்திலோ ஏதாவது உடையும்போது, நாமும் அந்த எட்டையும் பார்த்து முடித்துவிட்டுப் பேசினால் என்ன?